மைனஸ் லாபம்

இது நான் கண்ணால் கண்டதில்லை. பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமில், மதிய இடைவேளையில், எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி ஒரு கணக்கு ஆசிரியர் சொன்னது. அவரும் கண்டதில்லை. அவருடைய மச்சினன் அந்த ஊர் வழியாக மினிபஸ் ஓட்டுகிறவர், அவர் சொல்லித்தான் இவருக்குத் தெரியும். ஆக, இரண்டு கை மாறி என்னிடம் வந்திருக்கிறது. மாறும்போது சிந்தியது எவ்வளவு, ஒட்டிக்கொண்டது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. வந்தபடியே சொல்கிறேன்.

கரிசல்காட்டு நடுவில் கூவாச்சிபட்டி என்று ஓர் ஊர். ஊருக்கு ஒரே தெரு, கிழக்கு மேற்காக நீட்டிப் படுத்த பாம்பு போல. அந்தத் தெருவின் சரிநடுவில் குடிநீர்க் குழாய், குழாய்க்குத் தெற்கே வடக்குப் பார்த்த வாசலோடு பள்ளிக்கூடம். தெரு ஒன்றுதான் என்றாலும் அதற்குப் பெயர் இரண்டு. குழாய்க்குக் கிழக்கே கீழத்தெரு, மேற்கே மேலத்தெரு. கீழத்தெருக்காரர்கள் வேலைக்கு மேலத்தெருவுக்குப் போவார்கள், வருவார்கள். மேலத்தெருக்காரர்கள் கீழத்தெருவுக்கு ஓட்டுக் கேட்க மட்டும் போவார்கள், தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை, யாரும் ஒரு நாளும் மறக்கவும் இல்லை.

அந்தப் பள்ளியில் பேச்சிக்கனி என்று ஒரு டீச்சர். கீழத்தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள். வேலை தற்காலிகம்தான். ஆண்டுக்கு ஒரு முறை பள்ளிக்குழு கூடித் தீர்மானப் புத்தகத்தில் எழுதினால் அடுத்த ஆண்டும் அவள் டீச்சர், எழுதாவிட்டால் வீட்டில் இருக்கலாம். குழுவின் தலைவர் மேலத்தெருவில் உரக்கடை வைத்திருந்த அழகுநம்பி அண்ணாச்சி. அந்த உரக்கடையில் மூட்டை இறக்குகிறவர் பேச்சிக்கனியின் அப்பா. இப்படிக் கயிற்றின் இரண்டு நுனியும் ஒரே ஆள் கையில் இருந்ததால், பேச்சிக்கனி எதையும் மூன்று முறை சரிபார்த்துவிட்டுத்தான் செய்வாள். கரும்பலகையில் எழுதியதைப் புத்தகத்தோடு மூன்று முறை ஒப்பிடுவாள், வகுப்பறைப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள், பிறகு பாதி வழி போய்விட்டு நான்காவது முறை இழுக்கத் திரும்பி வருவாள்.

அந்த ஆண்டு கணக்கு டீச்சர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்தார்கள். அதைத் தெருவைப் பார்த்துப் பிடித்தால் திரையில் தெருவும் தெரியும், தெருவில் இல்லாத முக்கோணமும் கோளமும் மரத்தடியில் உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும். இதற்கு மிகை மெய்ம்மை என்று பெயர் சொன்னார்கள். உங்கள் ஊர்ப் பண்பாட்டில் ஏதாவது ஒன்றை இதோடு சேர்த்துக் கணக்குச் சொல்லிக் கொடுங்கள் என்றும் சொன்னார்கள். வந்திருந்த நாற்பது பேரில் முப்பத்தெட்டுப் பேர் கோலம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒருவர் தாயம் என்று எழுதினார். பேச்சிக்கனி, மூன்று முறை யோசித்து, தானிய அளவு என்று எழுதினாள்.

கீழத்தெரு மாசானம்தான் ஊருக்கு அளவுகாரர். களத்தில் கம்பும் சோளமும் குவிந்து கிடக்க, அவர் மரக்காலை முக்கி எடுத்துச் சாக்கில் தட்டும்போது பாட்டுப்போல எண்ணுவார். ஐம்பது வருஷமாக எண்ணிய அந்த வாய் ‘ஒன்று’ என்ற எண்ணை மட்டும் சொன்னதே இல்லை. அளவுகாரர்கள் சொல்லமாட்டார்கள். முதல் மரக்கால் ‘லாபம்.’ அதற்கப்புறம்தான் ரெண்டு, மூணு, நாலு. தொடக்கமே நல்ல வார்த்தையாக இருக்கட்டும் என்று யாரோ ஒரு காலத்தில் நினைத்தது, பழகிப் பழகி எண்ணாகவே ஆகிவிட்டது.

ஆறாம் வகுப்புக்கு எண்கோடு பாடம், எண்ணிக் காட்ட மாசானத்தையும் பேச்சிக்கனி கூட்டிவந்திருந்தாள். டேப்லெட் கேட்டது: பூச்சியத்தைக் காட்டுங்கள். பேச்சிக்கனி குடிநீர்க் குழாயைக் காட்டினாள். டேப்லெட் கேட்டது: பூச்சியத்திலிருந்து வலது பக்கமாக நடந்து, நின்று நின்று, எண்களை உரக்கச் சொல்லுங்கள். குழாயடியில் பிள்ளைகளை எப்படி நிறுத்துவது என்று அவள் யோசிப்பதற்குள் மாசானம் தானே வடக்குப் பார்த்து நின்றுகொண்டார்.

“தெக்கே பாத்து அளவு தொடங்கப்படாது தாயி. எமன் திசை.”

வடக்குப் பார்த்து நின்றால் வலது கை கிழக்கு. மாசானம் மரக்காலை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழத்தெருப் பக்கம் இருபது எட்டு நடந்து, வடிவக்கா டீக்கடை வாசலில் நின்று, “லாபம்!” என்றார். இன்னும் இருபது எட்டு நடந்து, “ரெண்டு!” என்றார். இப்படிப் பன்னிரண்டு வரைக்கும் போனார். பின்னால் பிள்ளைகள் கூட்டமாக ஓடினார்கள். நடக்காத மேலத்தெருப் பக்கத்தை டேப்லெட் தானே நிரப்பிக்கொண்டது.

பதினொன்றே முக்காலுக்குப் பாடம் முடிந்தது. பேச்சிக்கனி டேப்லெட்டை அணைத்தாள். கோடு அணையவில்லை.

கிளிப்பச்சை நிறத்தில், இரண்டு ஆள் உயரத்தில், ஊரின் கீழக்கடைசியிலிருந்து மேலக்கடைசி வரை அது தெருவுக்கு மேலே நின்றது. கீழே எண்கள் கத்தரிக்காய் காய்த்ததுபோல் தொங்கின. அவள் மறுபடி போட்டு மறுபடி அணைத்தாள். மூன்றாவது முறையும் அணைத்தாள். குழாயடியில் குடத்தோடு நின்ற பெண் ஒருத்தி அண்ணாந்து பார்த்துவிட்டு, “இது வீட்டுக்கு வீடா, இல்ல தெருவுக்கு ஒண்ணா டீச்சர்?” என்று மட்டும் கேட்டாள்.

ஊர் கோட்டுக்குப் பழக இரண்டு நாள் போதுமாக இருந்தது. முதல் நாள் தொட்டுப் பார்த்தார்கள், ஷாக் அடிக்கவில்லை. இரண்டாம் நாள் துணி காயப்போட்டார்கள். காக்கைகள் இரட்டை எண்களில் மட்டும் உட்கார்ந்தன, ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அது காக்கையின் இஷ்டம். மினிபஸ் கண்டக்டர் “சைபர்லாம் இறங்கு, சைபர்லாம் இறங்கு” என்று கூவினார். கல்யாணப் பத்திரிகையில் ‘ஐந்தாம் எண் இல்லம்’ என்று அச்சடித்தார்கள். பள்ளி விடுப்புக் கடிதங்களில் பிள்ளைகள் அடியில் ‘இடம்: மூன்று’, ‘இடம்: எட்டு’ என்று எழுதினார்கள். ஆறாம் வகுப்பில் கழித்தல் தெரியாத பிள்ளையே இல்லை என்றானது. மூன்றிலிருந்து ஐந்தைக் கழித்தால் என்ன என்று கேட்டால், “கோமு வீட்டு மாட்டுக்கொட்டகை டீச்சர்” என்று ஒரே குரலில் கத்தினார்கள், அதுவும் சரியான விடைதான், கோமு வீட்டு மாட்டுக்கொட்டகை மைனஸ் இரண்டில்தான் இருந்தது.

அங்கேதான் வம்பு வந்தது. பிறந்ததிலிருந்து ‘மேல’ என்று சொல்லியே வளர்ந்த தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு மைனஸ் தொங்கியது. மேலத்தெருப் பிள்ளைகளின் கடிதங்களில் ‘இடம்’ என்ற இடம் காலியாகவே வந்தது. எல்லாவற்றிலும் மோசம், குழாயிலிருந்து மேற்கே இருபதாவது எட்டில், அழகுநம்பி உரக்கடை வாசலில், போர்டை மறைத்துக்கொண்டு, ‘−லாபம்’ என்று எழுதியிருந்தது.

விவசாயி எந்த உரக்கடையில் உரம் வாங்குவான்? பொட்டாஷ் வாங்க வந்தவன் அண்ணாந்து பார்ப்பான், நெற்றியைச் சொறிவான், “நாளைக்கு வாரேன் அண்ணாச்சி” என்பான். அந்த நாளை வராது. வடிவக்கா டீக்கடையில், குறி எதுவும் இல்லாத சுத்தமான ‘லாப’த்தின் கீழே, விதைப்புக்கு முன்னால் ஒரு டீ குடித்தால் நல்லது என்று பக்கத்து ஊர்களிலிருந்து சைக்கிளில் வந்தார்கள்.

அண்ணாச்சி பேச்சிக்கனியைக் கடைக்குக் கூப்பிட்டார். அவள் அப்பா மூட்டைக்குப் பக்கத்தில் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

“ஏம்மா, ஒந் தெருவுக்குக் கூட்டல், எந் தெருவுக்குக் கழித்தலா? நல்லாப் படிச்ச.”

“அப்படி இல்ல அண்ணாச்சி. புத்தகத்துல வலது பக்கம் கூட்டல். நாங்க வடக்க பாத்து நின்னோம். வலது கை கிழக்க போயிட்டு.”

“தெக்க பாத்து நின்னிருந்தா?”

“ஒங்க பக்கம் கூட்டல் ஆயிருக்கும்.”

“பின்ன நின்னிருக்க வேண்டியதான?”

அண்ணாச்சியே வடக்குப் பார்த்துத்தான் நாற்காலி போட்டிருந்தார். தெற்குப் பார்த்து ஒரு மூட்டையைக்கூட அவர் பிரித்ததில்லை. இருந்தாலும், தெற்குப் பார்த்து மறுபடி எண்ணச் சொல்லி மாசானத்துக்கு ஆள் அனுப்பினார். டேப்லெட் மாசானத்தின் குரலைத் தவிர வேறு குரலை இப்போது ஏற்கவில்லை. மாசானம் களத்திலிருந்தே பதில் சொல்லி அனுப்பினார்: “எம்புட்டுக் குடுத்தாலும் எமன் மூஞ்சியப் பாத்து லாபம்னு சொல்லமாட்டேன்.”

அண்ணாச்சி ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நீட்டினார். அவரே எழுதி வைத்திருந்தார். மேலத்தெருவில் காணப்படும் கழித்தல் குறி கணக்கில் ஏற்பட்ட தவறு என்றும், அப்படி ஒரு குறி உண்மையில் கிடையாது என்றும் இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். இப்படிக்கு, கணக்கு ஆசிரியை. இடம், நாள்.

“கையெழுத்துப் போடு. போர்டுல ஒட்டிக்கிடுதேன். வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம் இருக்குல்லா?” என்றார்.

அவள் அப்பா மெதுவாக, “ஒத்தக் கோடுதான தாயி. இல்லன்னு சொல்லிட்டுப் போயேன்” என்றார்.

பேச்சிக்கனி தாளை மூன்று முறை வாசித்தாள். இல்லாத குறியை உண்டு என்று எழுதச் சொன்னால்கூடப் பயத்தில் எழுதியிருப்பாளோ என்னவோ. ஆனால் மைனஸ் இரண்டு என்ற விடைக்கு முந்தின நாள்தான் இருபத்தாறு பிள்ளைகளுக்குச் சரி போட்டிருந்தாள். அந்தச் சரிகளை எல்லாம் நோட்டு நோட்டாக வாங்கி அடிக்க வேண்டியிருக்குமே என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

“தப்பு இல்ல அண்ணாச்சி. அது சரியாத்தான் இருக்கு” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. தாளைத் திருப்பி மேசையில் வைத்தாள்.

“சரி,” என்றார் அண்ணாச்சி. “கோட்டைச் சரிபண்ண எனக்குத் தெரியும்.”

மறுநாள் காலை வெல்டிங் பட்டறையிலிருந்து ஏணியோடு ஆள் வந்தான். மைனஸுக்கு என்ன வேண்டும், குறுக்கே ஒரு குத்துக்கோடுதானே! அரை அடிக் கம்பியை மைனஸின் நடுவில் நிறுத்திப் பற்றவைத்தான். பொறி பறந்தது. பச்சையும் இரும்பும் பிடித்துக்கொண்டன. ‘+லாபம்.’ மேலத்தெரு கைதட்டியது. அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்து, தன் கடைக்குள் நுழைந்தார்.

உள்ளே வடிவக்கா வடை சுட்டுக்கொண்டிருந்தாள்.

யூரியா மூட்டைகள் இருந்த இடத்தில் இருந்தன. அவற்றின் மேல் டீக்கடைப் பெஞ்சு இருந்த இடத்தில் இருந்தது. இரண்டும் ஒன்றை ஒன்று இடிக்கவில்லை. தராசுக்குப் பக்கத்தில் பாய்லர் உஸ்ஸென்று ஆவி விட்டது. அண்ணாச்சி வெளியே வந்தார், பார்த்தார், தன் கடை வாசல்தான். மறுபடி நுழைந்தார், வடிவக்கா.

“அண்ணாச்சி, செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க. மாவு இருக்கு.”

“ஏட்டி, நான் எங் கடைக்குள்ள வாரேன்!”

“நானும் எங் கடைக்குள்ளதான் நிக்கேன். வேணும்னா சோத்துக் கையத் தூக்கிச் சொல்லட்டா?”

பள்ளிக்கூடத்துக்கு ஆள் ஓடிவந்தது. பேச்சிக்கனி ஆறாம் வகுப்பை அப்படியே கூட்டிக்கொண்டு வந்து பார்த்தாள். மேலத்தெரு வாசல் வழியாக நுழைந்தார்கள், கீழத்தெரு வாசல் வழியாக வெளியே வந்தார்கள். கோமு ஒருத்திதான் கையைத் தூக்கினாள்.

“டீச்சர், அதுவும் ப்ளஸ் ஒண்ணு, இதுவும் ப்ளஸ் ஒண்ணு. ஒரு எண்ணுக்கு ஒரு இடம்தான?”

“ஆமா” என்றாள் பேச்சிக்கனி. மூன்று முறை யோசித்தாள். அப்போதும் ஆமாம்தான்.

ஊர் இதற்கும் பழகியது. பொட்டாஷ் வாங்க வந்தவர்கள் டீயும் குடித்தார்கள், டீ குடிக்க வந்தவர்கள் பொட்டாஷும் வாங்கினார்கள். வாசலில் என்ன எழுதித் தொங்கியதோ அந்த லாபம் அண்ணாச்சிக்குக் கொட்டியது. ஆனால் மேலத்தெருச் சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அண்ணாச்சி தினமும் கீழத்தெருக் கடையில் காலை எட்டு மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறாராமே? கடைசி மகளுக்குப் பேசிவைத்திருந்த சம்பந்தி வீட்டார் போன் போட்டு, உட்காருவது சரி, வாயில் ஏதும் படுகிறதா என்று கேட்டார்கள். அண்ணாச்சி வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் காபி கொண்டுவந்தார். பிளாஸ்க்கை மடியிலேயே வைத்திருந்தார். கீழே வைத்தால் அது யாருடைய மேசை என்று தெரியாதே! மற்ற மேலத்தெருக்காரர்கள் அதற்குப் பிறகு ஏணி கேட்டு வரவில்லை. தங்கள் மைனஸ்களைத் தினமும் எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள், ஒன்றும் உதிர்ந்துவிடவில்லையே என்று.

வெள்ளிக்கிழமை வந்தது. தீர்மானப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் உரக்கடைக்கு வந்தார், அதாவது டீக்கடைக்கு. குழு உறுப்பினர்கள் மூட்டை மேலும் பெஞ்சு மேலுமாக உட்கார்ந்தார்கள். பேச்சிக்கனி வாசலில் நின்றாள், எந்த வாசல் என்று இப்போது சொல்ல முடியாது. அவள் அப்பா மூட்டைக்குப் பக்கத்தில் நின்றார்.

அண்ணாச்சி புத்தகத்தைத் திறக்கவில்லை.

“ஒரு வழி சொல்லு. எனக்கு லாபம் இருக்கணும். இவ இருக்கக் கூடாது.”

“நான் மட்டும் என்ன, ஒங்க மருந்து வாடைய மோந்துக்கிட்டு வடை சுடணும்னு வேண்டுதலா?” என்றாள் வடிவக்கா. கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் வரிசையாக டீ வைத்துக்கொண்டே போனாள்.

பேச்சிக்கனி சொன்னாள்: “அந்தக் கம்பிய எடுத்துட்டா பழையபடி ஆயிரும் அண்ணாச்சி. ஒங்க கடை தனி, அக்கா கடை தனி.”

“மைனஸ் வந்துருமே?”

“வரும்.”

“மைனஸும் வரக்கூடாது. தனியாவும் இருக்கணும்.”

“அப்படி ஒரு எண்ணு கெடையாது அண்ணாச்சி.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு. ஒன்னால முடியும். நீ படிச்சவ.” அவர் தீர்மானப் புத்தகத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். “புத்தகத்துல எங்கயாவது இருக்கும்.”

தலைமையாசிரியர் கண்ணால், ஏதாவது சொல்லிவைம்மா என்று கெஞ்சினார். ஏதாவது சொல்லியிருக்கலாம். மேலிடத்தில் கேட்டிருக்கிறேன், அடுத்த ஆண்டுக்குள் வரும், இன்னொரு டேப்லெட் வருகிறது, இப்படி எதையாவது. பேச்சிக்கனி கணக்குப் புத்தகத்தை மனசுக்குள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினாள். மூன்று முறை புரட்டினாள்.

“இல்ல அண்ணாச்சி. எங்கயும் இல்ல. குறியப் பாக்காம சொல்லணும்னா, கொழாயிலருந்து நீங்களும் இருபது எட்டு, அக்காவும் இருபது எட்டு. அவ்வளவுதான் சொல்லமுடியும். நீங்க எந்தப் பக்கம்னு சொல்லணும்னா குறி வேணும்.”

“அப்ப குறி இல்லன்னா,” என்று அண்ணாச்சி கோபத்தில் தொண்டை அடைக்கச் சொன்னார், “நான் எந்தத் தெரு?” சொல்லிவிட்டு, அடைத்த தொண்டைக்குக் கைக்கு எட்டிய கிளாஸை எடுத்து மடமடவென்று இரண்டு மடக்குக் குடித்தார்.

மடியில் பிளாஸ்க் மூடி திறக்காமல் இருந்தது. குழு உறுப்பினர் ஒருவர் வாய்க்குக் கொண்டுபோன வடையைப் பாதியில் நிறுத்தினார். பேச்சிக்கனியின் அப்பா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். வடிவக்கா எண்ணெய்க் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள், எண்ணெய் சொட்டுச் சொட்டாக அடுப்பில் விழுந்தது.

அண்ணாச்சி கிளாஸைப் பார்த்தார். கிளாஸில் பாதி இருந்தது. அதைத் துப்ப முடியாது, அது உள்ளே போய்விட்டது. வயிற்றுக்குள் அது எந்தத் தெருவில் இருக்கிறது என்று சொல்லவும் வழியில்லை.

பிறகு, “சீனி கம்மி” என்றார்.

“நேத்துவரைக்கும் யாரும் சொல்லலியே” என்றாள் வடிவக்கா. அரைக் கரண்டி சீனியை எடுத்துக் கிளாஸில் போட்டு, டங்கு டங்கென்று கலக்கி, அவர் முன்னால் வைத்தாள். வைப்பதற்கு அங்கே வேறு இடம் இல்லை, எல்லாம் மூட்டையும் மாவுமாகக் கிடந்தது. தீர்மானப் புத்தகம் ஒன்றுதான் சமமாக, விரித்து வைத்ததுபோல் இருந்தது.

கம்பியை எடுத்தார்களா இல்லையா என்று எனக்குச் சொன்னவருக்குத் தெரியவில்லை. அவருடைய மச்சினன் அந்த வழித்தடத்திலிருந்து அதற்குள் மாறிவிட்டாராம். முகாமில் மணியடித்தார்கள், நாங்கள் கையைக் கழுவிவிட்டுத் திருத்தப் போய்விட்டோம்.

ஆனால் மனசு கேட்கவில்லை. தெரிந்த ஒருவர் மூலமாக அந்தத் தீர்மானத்தின் ஜெராக்ஸ் நகலை வாங்கிப் பார்த்தேன். செல்வி பேச்சிக்கனி அவர்களைக் கணக்கு ஆசிரியையாக அடுத்த ஆண்டும் தொடர அனுமதிக்க ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. கீழே தலைவரின் கையெழுத்து. அதற்கு இடது பக்கம், ‘இடம்: லாபம்’ என்று இருக்கிறது. முன்னால் எந்தக் குறியும் இல்லை. கையெழுத்தின் மேலேயே, அதைப் போட்ட பிறகு எதையோ வைத்ததுபோல, வட்டமாக ஒரு கறை விழுந்திருக்கிறது. நகலில் அது கறுப்பாகத் தெரிவதால், டீக்கறைதான் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அதன் விட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்தேன், ஐந்து சென்டிமீட்டர். எங்கள் ஊர் டீக்கடைக்குப் போய் ஒரு கிளாஸைக் கவிழ்த்து அதன் அடியையும் அளந்தேன். மூன்று முறை அளந்தேன். அதுவும் ஐந்து.